சுழியில் நின்ற முள்

இருபத்திரண்டு மணி நேரம்! மறுநாள் காலை பத்து மணிக்கு மேற்பார்வையாளர் அம்மையார் கடைசிப் பெஞ்சில் எழுந்தருள, ஒன்பதாம் வகுப்புக்கு மின்னோட்டப் பாடம் நடத்திக் காட்டித் தேறவேண்டிய, தேறாவிடில் பயிற்சி ஆண்டு முழுவதையும் திரும்பப் படிக்கவேண்டிய அந்தப் பயிற்சி ஆசிரியைக்கு எஞ்சிய காலம் அவ்வளவே.

வாழ்க அந்த மெல்லொலியாள்! முதல் வரிசையையும் எட்டாத குரலினாள், கரும்பலகையிடம் மட்டும் மனம்விட்டுப் பேசுபவள், சாக்பீஸ் தூள் படிந்த கைக்குட்டையே கொடியென ஆய்வகம் புகுந்த வீராங்கனை வாழ்க!

அங்கே அலமாரியில் மின்னோட்டம் அளக்கும் ஏழு அம்மீட்டர்கள் வீற்றிருந்தன. ஆறும் சுழிப்பிழை என்னும் தீராப் பிணியுற்றவை. மின்சாரம் தீண்டுமுன்பே ஒன்றின் முள் இரண்டு கோடு தாண்டி நின்றது. இன்னொன்றின் முள் வெட்கி இடப்புறம் ஒதுங்கியது. ஏழாவதோ, தவத்தில் ஆழ்ந்த முனிவன் போல, சாய்த்தாலும் உலுக்கினாலும் சுழியை விட்டு இம்மியும் அசையவில்லை. இயற்பியல் கற்றோர் நெஞ்சு பொன்னுக்கு மயங்காது. சுழியில் நிற்கும் முள்ளுக்கு மயங்கும்.

அதை அவள் பற்றிய கணமே மறுபுறம் ஒரு நீள்கரம் பற்றியது. உடன் பயிலும் இளையவன். நிலைப்படிகள் அஞ்சும் உயரத்தான். நெட்டை எனும் பட்டம் பூண்டவன்.

"அக்கா, இது வேணாம். வேற எடுத்துக்கோங்க."

கேட்டீரோ உலகீர், வஞ்சகன் முழக்கத்தை!

"நீ வேற எடுத்துக்கோ!"

மூண்டது போர். மத யானைகள் இரண்டு ஒரு கரும்பை இழுத்ததுபோல் இழுத்தனர், முக்காலி சாய்ந்தது, ஊசல்குண்டுகள் தலைகளெனத் தரையில் உருண்டன, சட்டத்தில் தொங்கிய வில்தராசு திகைத்து ஊசலாடியது.

"சொன்னா கேளுங்கக்கா, உங்க நல்லதுக்குத்தான்!"

"என் நல்லது எனக்குத் தெரியும்டா, நெட்டை!"

என்றவள் செருப்புக் குதிகாலை அவன் பெருவிரல்மேல் இறக்கினாள். ஒற்றைக்காலில் கொக்கெனக் குதித்துப் பின்வாங்கினான் பகைவன். வென்ற செல்வத்தை அவள் துண்டில் பொதிந்து விடுதிக்குக் கொணர்ந்தாள். சோதித்துப் பார்க்கவில்லை, சோதித்தால் அந்தத் தூய சுழி கலைந்துவிடுமோ என அஞ்சினாள்.

விடிந்தது. மின்கலம், சுவிட்ச், பல்பு, அம்மீட்டர் என அணிவகுத்தது அவள் படை. சுவிட்சை அழுத்தினாள். பல்பு எரிந்தது. முள் தவம் கலையவில்லை.

"மிஸ், முள்ளு தூங்குது!"

"எழுப்பாதடா, பாவம்!"

சிரிப்பலை நாற்பது தொண்டைகளிலிருந்து எழுந்து மோதியது. அவள் முனைகளை மாற்றினாள், கண்ணாடியைத் தட்டினாள், இன்னொரு மின்கலம் சேர்த்தாள். பல்பு நண்பகற் கதிரவனாய்ச் சுடர்ந்தது. முள்ளோ, அண்டமே புரண்டாலும் அசையேன் என்றது. மேற்பார்வையாளர் அம்மையார் உறையிலிருந்து வாளை உருவுவதுபோல் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

அப்போது, பார்வையாளராய் அமர்ந்திருந்த பயிற்சியாளர் வரிசையில், மலையொன்று எழுவதுபோல், பெருவிரலில் கட்டுடன், எழுந்தான் நெட்டை.

"மேடம், நேத்து காலையில அதை நேரா பேட்டரியில மாட்டி எரிச்சது நான்தான்."