கார்டைக் காணலை

தம்பானூரில், மழை பெய்தால் முழங்காலளவு தண்ணீர் நிற்கிற இடத்தில், "இங்கே படகு விடலாம்" என்று ஊரே சிரித்தபோது நாற்பது அறையில் லாட்ஜ் கட்டியவன் நான். படித்தது ஐந்தாம் வகுப்பு. கிணறு தோண்டினேன், பாறை வந்தது. பாறையையும் தோண்டினேன். இத்தனை செய்தவனால் பிங் சாமியின் வாயிலிருந்து ஒரு 'ஹலோ' மட்டும் வாங்க முடியவில்லை. திருவனந்தபுரத்தில் அவரைப் போல இன்னொருவர் கிடையாது. இருந்தால் ஊர் தாங்காது.

வலியசாலை அக்கிரகாரத்துக்காரர். கம்ப்யூட்டர் சர்வர் பழுது பார்ப்பவர். போனில் "பிங்" என்பார். நாம் "வந்துடுத்து" என்றால்தான் மேலே பேச்சு. ஹலோ என்றால் வைத்துவிடுவார். லைன் உயிரோடு இருக்கிறதா என்று சர்வர்கள் ஒன்றையொன்று அப்படித்தான் கேட்டுக்கொள்ளுமாம்.

எந்தக் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறக்குமுன்பும் அதன் இரும்பைத் தொட்டுக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். உடம்பிலிருக்கும் மின்சாரத்தை இறக்குகிறாராம். அறை கூட்டுகிற பெண்கள் அதைக் கும்பிடுதல் என்று நினைத்து, சர்வருக்குப் பூ வைக்க ஆரம்பித்தார்கள். சாமி தடுக்கவில்லை. "தண்ணி தெளிக்காம இருந்தா சரி" என்றார்.

போன ஆவணியில் ஒருநாள் காலையில் சர்வரை மாடியிலிருந்து கீழே இறக்கினோம். இறக்கியதிலிருந்து அது ரிசப்ஷன் கம்ப்யூட்டர் எதோடும் பேசவில்லை. எந்த அறை யாருக்கு என்கிற விவரம் முழுக்க அதற்குள். நாகர்கோவிலிலிருந்து கல்யாணக் கோஷ்டி அன்று மத்தியான ரயிலில் வருகிறது, முப்பது அறை. மாப்பிள்ளையின் தாய்மாமனைப் பெட்டியோடு மாடிக்கும் கீழுக்கும் அலைய விட்டால், லாட்ஜின் பேர் அன்றோடு போச்சு.

சாமி வந்து இரண்டு மணி நேரம் கீபோர்டைத் தட்டினார். மொட்டை மாடியில் பந்தலைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கீழேயிருந்து போன்.

"பிங்."

"வந்துடுத்து, சொல்லும்."

"அண்ணாச்சி, நெட்வொர்க் கார்டைக் காணலை."

சர்வரைப் பேச வைக்கிற அட்டையையே காணலையா! நான் கட்டின லாட்ஜில் களவா? இறங்கி ஓடினேன். வாசலைப் பூட்டச் சொன்னேன். மேனேஜர் பிஜுவின் பையைக் கவிழ்த்தேன். நேந்திரங்காய் சிப்ஸும் குடையும் விழுந்தன.

"சத்தியமாயிட்டு ஞான் எடுத்தில்லா முதலாளி!" என்றான் பிஜு, அழாத குறையாக.

சாமி பதறி வந்தார். "ஐயோ, களவெல்லாம் இல்லை அண்ணாச்சி! கார்டு உள்ளேதான் இருக்கு. சர்வர் கண்ணுக்குத்தான் தெரியலை."

"உள்ளே இருக்குன்னு நீரு பாத்தீராவே?"

"பாக்கணுமா? நேத்திக்கு மாடியிலே நன்னா ஓடிண்டிருந்ததே! செட்டிங்ஸ்லேதான் ஏதோ கோளாறு. மூடியைத் திறக்கறதெல்லாம் கடைசி பட்சம்."

"கடைசி பட்சம் இப்பம் ரயில்ல வந்துகிட்டிருக்கு. தெறயும்!"

கரண்டை நிறுத்தித் திறந்தார். கார்டு இருந்தது. பிஜு "கண்டோ?" என்று என்னை முறைத்தான். எனக்குத் திருப்தியில்லை. நல்லதை எடுத்துக்கொண்டு எவனாவது ஓட்டையை வைத்திருந்தால்? கையை விட்டு உருவினேன். வேட்டியில் துடைக்கப் போனபோது, "தொடாதேள்!" என்று அலறிப் பிடுங்கிக்கொண்டார் சாமி. இரும்பைத் தொட்டார். கார்டைத் திரும்ப அழுத்தினார்.

'டக்.'

மாடிப்படிக் குலுக்கலில் அது ஒரு பக்கம் நூலளவு தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. அவ்வளவுதான் சங்கதி. சர்வரை ஓட விட்டதும் பச்சை விளக்கு மினுங்கியது. தாய்மாமன் நுழையும்போது முப்பது சாவியும் பெயர் எழுதி மேஜையில் இருந்தன. பிஜுவின் சிப்ஸை நானே பொறுக்கிக் கொடுத்தேன்.

சாமி வேலைச் சீட்டு எழுதினார்: 'கார்டு எடுக்கப்பட்டு, மீண்டும் பொருத்தப்பட்டது.' கீழே தன் கையெழுத்து.

"எடுக்கப்பட்டதுன்னா? யாரு எடுத்தா?"

"அதுவா இப்போ முக்கியம் அண்ணாச்சி?"

"பின்னே? நான் உருவலைன்னா நீரு எதைவே பொருத்தியிருப்பீரு?"

சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

இப்போது சாமி பெங்களூரில், மகள் வீட்டில். வேலைக்கு வேறொருவர் வருகிறார்; கெட்டிக்காரர், பத்து நிமிஷத்தில் முடித்துக்கொண்டு போய்விடுகிறார். அந்தச் சீட்டு என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. 'எடுத்தவர் அண்ணாச்சி' என்று அதில் எழுதியே ஆக வேண்டும். போனில் ஒப்புக்கொள்கிறேன் என்கிறார். நடக்காது. இங்கே வந்து, உட்கார்ந்து, தன் கையால் எழுதட்டும். கீழ்த்தளத்தில் ஒரு அறையை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன்.