பேர்க்காரம்மா குடிக்காத கஞ்சி

தலையில் மீன் கூடையை வைத்துக்கொண்டு, மீனைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசி வியாபாரம் செய்த ஆள் இந்த உலகத்திலேயே ஒருத்திதான். முடிச்சூரில் எங்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்த பேர்க்காரம்மா. சங்கரா மீன் என்ன விலை என்று கேட்டால் பதில் வராது.

"அது கெடக்குதுக்கா. இன்னிக்கி இன்னா ஆக்கின? அதுக்கு உன் வூட்ல இன்னா பேரு?"

சாம்பார், ரசம் என்று ஊருக்குச் சொல்லும் பேர் அவளுக்கு வேண்டாம். ஒன்றும் இல்லாத நாளில் இருப்பதைப் போட்டு ஒப்பேற்றுவோமே, அதற்கு வீட்டுக்குள் மட்டும் ஒரு பேர் இருக்குமே, அதுதான் வேண்டும். பேரைச் சொன்னால்தான் கூடையை இறக்குவாள். பிறகு அந்த வீட்டிலேயே உட்கார்ந்து அதில் ஒரு கை சாப்பிடுவாள். இப்படிக் கேட்டுக் கேட்டே அவளுக்குப் பேர்க்காரம்மா என்று பேர் விழுந்தது.

வாத்தியார் வீட்டில் மிஞ்சிய இட்லியை உதிர்த்துத் தாளிப்பார்கள். அதற்குப் பேர் 'நேத்து'. "இன்னிக்கி இன்னாக்கா?" என்று இவள் கேட்க, "நேத்து" என்று வாத்தியார் மனைவி சொல்ல, புதிதாகக் குடி வந்தவர்கள், இந்த இரண்டு பேருக்கும் ஏதோ கோளாறு என்று நினைத்தார்கள். டெய்சி அக்கா வீட்டில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மிஞ்சிய குழம்பெல்லாம் ஒரே சட்டியில் கொதிக்கும். அதற்குப் பேர் 'சபைக் கூட்டம்'. "சபை கூடிடுச்சாக்கா?" என்று பேர்க்காரம்மா தெருமுனையிலிருந்தே கத்துவாள். "கூடியாச்சு, நீ ஒருத்திதான் பாக்கி, வா" என்று இவர்கள் கத்துவார்கள்.

ஒருமுறை மெக்கானிக் வீட்டுப் பெண்ணைப் பார்க்கக் குன்றத்தூரிலிருந்து வந்திருந்தார்கள். ஐந்து பேர் என்று சொல்லிவிட்டு ஒன்பது பேர். இலையில் ரசம் ஊற்றும் நேரத்தில் வாசலில் குரல் கேட்டது.

"இன்னா மல்லிகா, இவ்ளோ செருப்பு கீது! இன்னிக்கி விருந்தாளி ரசமா?"

பையனின் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "எங்களுக்குன்னு தனியா வச்சீங்களா?"

"தனியா இன்னாம்மா, தண்ணியா வச்சது. ஆளுக்கு ஒரு சொம்பு!"

பெண்ணின் அம்மா மல்லிகாவின் முகத்தில் ரத்தமே இல்லை. பையனின் அம்மா சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறியது. "எங்க வூட்ல இதுக்குப் பேரு தல எண்ணி ரசம்" என்றார். அன்றைக்கே தட்டு மாற்றிக்கொண்டார்கள்.

தெருவில் எல்லா வீட்டிலும் சாப்பிட்டவள், என் வீட்டில் மட்டும் தண்ணீர்தான் குடித்தாள்.

நான் அடிக்கடி ஒரு கஞ்சி வைப்பேன். நொய், பூண்டு, முருங்கைக்கீரை, வேறொன்றும் இல்லை. என் அம்மா வைத்தது. அப்பாவுக்குப் பம்மல் பக்கம் கல் குவாரியில் வேலை. சனிக்கிழமை விளக்கு வைத்தும் அவர் வரவில்லை என்றால், சாராயக்கடையில் உட்கார்ந்துவிட்டார் என்று அர்த்தம். அம்மா நொய்யைக் களைவாள். அந்தக் கஞ்சிக்கு நாங்கள் வைத்த பேர் 'அப்பா வரல'. அது அத்தனை ருசி. அப்பா இன்றைக்கும் வரக்கூடாது சாமி என்று என் தம்பி கும்பிட்டதுகூட உண்டு.

குடி என்ற பேச்சே இல்லாத வீட்டில் வாழ்க்கைப்பட்டேன். அப்பாவை மேஸ்திரி என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். அந்தப் பேரை எப்படி வாயைத் திறந்து சொல்வேன்?

"பூண்டு வாசன தெருக்கோடி வரைக்கும் வருது. பேரு இன்னாக்கா?"

"கஞ்சிதாம்மா."

"கஞ்சி ஆஸ்பத்திரியில குடுப்பாங்க. பேரச் சொல்லு."

"பேரெல்லாம் ஒன்னுமில்ல."

"கீது. உன் மூஞ்சிலயே எழுதிக் கீது. பிரியாணிக்கு ஊரெல்லாம் ஒரே பேரு, யாரு வூட்ல வேணா துன்னலாம். வூட்டுப் பேரு வச்ச சோறு அந்த வூட்லதான் கெடைக்கும். சொல்ற அன்னிக்கி குடிக்கிறேன். இப்ப தண்ணி குடு."

பத்து வருஷம் இப்படியே போனது. பேர் நாக்கு நுனிக்கு வரும். உள்ளே மருமகள் நடக்கும் சத்தம் கேட்கும். விழுங்கிவிடுவேன்.

போன மழைக்காலத்துக்குப் பிறகு அவள் வரவில்லை. முட்டி வலி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது மருமகள் போனில் சொன்னால் மீன் வெட்டிக் கழுவி டப்பாவில் வருகிறது. கொண்டு வருகிறவர் என்னை ஒன்றும் கேட்பதில்லை. இரண்டு மாதம் பார்த்தேன். ஒரு நாள் காலையில் கஞ்சி வைத்து, தூக்கில் ஊற்றி, கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தாம்பரத்தில் கோவளம் பஸ் ஏறினேன். கோவளத்துல கடலாண்ட வூடு என்று அவள் சொன்னது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

கரையில் நாலைந்து பெண்கள் மீன் பிரித்துக்கொண்டிருந்தார்கள். முடிச்சூருக்கு மீன் கொண்டு வருவார்களே, அவர்கள் வீடு எது என்று கேட்டேன்.

"பேரு இன்னாம்மா?"

எங்கள் சட்டிக்கெல்லாம் பேர் கேட்டவளை, உன் பேர் என்ன என்று எங்கள் தெருவில் ஒருவர்கூடக் கேட்டதில்லை.

"முட்டி வலிக்கும். ரெண்டு பக்கமும் மூக்குத்தி" என்றேன்.

"இங்க எல்லாருக்கும் முட்டி வலிதான். எல்லாருக்கும் ரெண்டு மூக்குத்திதான். தூக்குல இன்னா?"

"கஞ்சி." பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "எங்க வீட்ல அதுக்குப் பேரு 'அப்பா வரல'."

காற்றில் கேட்கவில்லை போலிருக்கிறது. "இன்னாது?" என்றார்கள். கத்திச் சொன்னேன்.

எல்லாருடைய கையும் நின்றது. ஒருத்தி கடலைப் பார்த்தாள். புருஷன்மாரைக் கடலுக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருப்பவர்களிடம் என்ன பேச்சு பேசிவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

இருப்பதிலேயே வயதானவள் மெதுவாகக் கேட்டாள். "எங்க போயி வரலம்மா?"

"சாராயக்கடைக்கு."

"அடச்சே, அதானா!" ஒரே சிரிப்பு. "அப்ப எங்க வூட்ல தெனம் இத்தத்தான் ஆக்கணும். ஊத்து, ஊத்து."

நாலு பேர் குடித்தார்கள். "இன்னும் கீதா?" என்று ஒருத்தி தூக்கை எட்டிப் பார்த்தாள். இல்லை என்று பொய் சொல்லி மூடினேன். அடியில் பேர்க்காரம்மாவுக்கென்று ஒரு டம்ளர் இருந்தது.