ஆதிமுட்டையும் டோரீனின் மூன்று நிமிடமும்

மனித குலம் இதுவரை சாதித்த பெருஞ்செயல்கள் மூன்று. நெருப்பை மூட்டியது, சக்கரத்தை உருட்டியது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் 'முகிற்பேராலயம்' என்ற லண்டன் ராக் குழு 'ஆதிமுட்டையும் அதன் ஏழு வாசல்களும்' என்ற இசைத்தட்டை வெளியிட்டது. முதல் இரண்டும் யாரோ பெயர் தெரியாதவர்கள் தற்செயலாகச் செய்தவை. மூன்றாவதற்குப் பதினான்கு மாதம் ரூம் போட்டு யோசித்தார்கள்.

இதே குழு ஒரு காலத்தில் 'ஹார்ன்சி ஜாலி பாய்ஸ்' என்ற பெயரில் கல்யாண விருந்துகளில் வாசித்துக்கொண்டிருந்தது. ஜனங்கள் ஆடினார்கள், வேர்த்து விறுவிறுத்தார்கள், அடுத்த கல்யாணத்துக்கும் கூப்பிட்டார்கள். அந்த இழிநிலையிலிருந்து குழுவை மீட்டவர் குவென்டின் ஹாத்தர்லி. அவரிடம் ஏழு கீபோர்டுகளும் தரையைக் கூட்டும் நீளத்துக்கு ஒரு வெள்ளி அங்கியும் இருந்தன. அவர் வந்த பிறகு ஒருவரும் ஆடவில்லை. உட்கார்ந்து தாடையைத் தடவினார்கள். இதற்குப் பெயர்தான் 'முன்னேற்றம்'.

குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த டெரெக் பாட்ஸும் முன்னேறிக்கொண்டுதான் இருந்தான். ஆனால் அவனுக்கு வீட்டில் டோரீன் என்று ஒரு பெண்டாட்டி இருந்தாள். பஸ் கண்டக்டர். நாள் பூராவும் மாடிப் பஸ்ஸில் ஏறி இறங்கி, கால் வீங்கி வருகிறவளுக்கு ஆதிமுட்டையைப் பற்றி என்ன தெரியும்?

அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். மார்ச் மாதம் கிரிம்ஸ்பியில் அவள் அப்பாவை அடக்கம் செய்தபோது டெரெக் வரவில்லை. ஏன் வரவில்லை என்றால், யார்க்ஷயர் மேட்டில் காற்றை ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தான். ஆறாவது வாசல் என்ற பாட்டுக்குக் காற்று தேவைப்பட்டது. சரியான காற்று செவ்வாய்க்கிழமைதான் அடிக்கும் என்று குவென்டின் வானிலையைக் கணித்திருந்தார். அடக்கமும் செவ்வாய்க்கிழமைதான். கிழவர் ஒரு நாள் தள்ளிப் போயிருக்கலாம், கலையுணர்வு இல்லாதவர்.

டெரெக்குக்கு மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவனுக்கு எதற்குமே வாய் வந்ததில்லை. அதனால் பாட்டாக எழுதினான். மூன்று நிமிடப் பாட்டு. 'டோரீன், நான் அன்னைக்கு உன் பக்கத்துல நின்னிருக்கணும்' என்று ஆரம்பிக்கும். சமையலறையில் ஒரு தடவை, முதுகைக் காட்டிக்கொண்டு பாடியும் காட்டினான். டோரீன் உருளைக்கிழங்கு சீவுவதை நிறுத்திவிட்டாள்.

"இத ரெக்கார்டுல போடுவியா?" என்றாள்.

"போடாம?"

"ஊரறியக் காத்துப் பிடிக்கப் போனேல்ல? ஊரறியவே இதையும் சொல்லு. சொன்னா, நடந்தத நான் மறந்துடறேன். இல்லேன்னா எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன், டெரெக். இது பூச்சாண்டி இல்ல."

"ஐயோ, ஏழாவது வாசலே இதுதான், டோரி. குவென்டினே ஒத்துக்கிட்டாரு."

ஒத்துக்கொண்டது உண்மைதான். பாட்டும் பதிவாயிற்று. ஆனால் பதிவான அன்றே ஒரு விபரீதம் நடந்துவிட்டது. ஸ்டூடியோவில் டீ கொண்டுவரும் அம்மாள், கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு போகும்போது அந்தப் பாட்டை முணுமுணுத்தார்.

குவென்டின் வெளிறிப்போனார்.

"டெரெக்," என்றார் தாழ்ந்த குரலில். "அந்தம்மா உன் பாட்டைப் பாடறாங்க."

"ஆமா, கேட்டேன்," என்றான் டெரெக். கொஞ்சம் சந்தோஷமாகத்தான் சொன்னான், பாவம்.

"ஒரே தடவைதானே கேட்டாங்க? அதுக்குள்ள புரிஞ்சுடுச்சா? என் முதல் வாசலை அவங்க பதினாறு தடவை கேட்டிருக்காங்க. இன்னிக்கு வரைக்கும் 'மிஷின் ரிப்பேரா சார்'னுதான் கேக்கறாங்க. அது கலை. இது என்னப்பா?"

அன்று முதல் ஏழாவது வாசல் கண்காணிப்பில் வைக்கப்பட்டது.

பதினான்காவது மாதம் ஒலிநாடாக்களை எடுத்துக்கொண்டு நால்வரும் திரு. ஹாப்டேயிடம் போனார்கள். இசைத்தட்டுக்கு அச்சு வெட்டுகிறவர் அவர். பழுப்புக் கோட்டுப் போட்டவர். இருபது வருஷமாக எல்லார் இசையையும் ஒரே மாதிரி பாலாடைக்கட்டி சாண்ட்விச் தின்றபடி வெட்டியவர். இரண்டாம் பக்கத்தை ஓடவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இருபத்தொம்பது நிமிஷம் வருது தம்பி. இருபத்தாறுக்கு மேல போனா தட்டுல கோடுகளை நெருக்கி நெருக்கி வெட்டணும். சத்தம் கொசு பாடற மாதிரி இருக்கும். மூணு நிமிஷத்தைத் தூக்குங்க."

"ஐயா, இது பிரபஞ்சத்தின் பிறப்பு," என்றார் குவென்டின்.

"இருக்கட்டும் தம்பி. மூணு நிமிஷம் முன்னாடி பொறக்கச் சொல்லு."

குழு ஜனநாயக முறைப்படி இயங்கியது. உடனே அங்கேயே, வெட்டும் இயந்திரத்தின் பக்கத்தில், 'அவசரப் பொதுக்குழு' கூடியது. டிரம் வாசிக்கும் சிட்டின் தனி ஆவர்த்தனம் ஐந்து நிமிடம். அதில் கை வைத்தால் தன் கை சும்மா இருக்காது என்று சிட் அறிவித்தான். ராபினின் கிட்டார் ஏழு நிமிடம். அவன் அழவே ஆரம்பித்துவிட்டான். கீபோர்டு என்பது முட்டையின் ஓடு, அதில் விரிசல் விடக் கூடாது என்று குவென்டின் தீர்ப்பளித்தார்.

"காத்து பதினோரு நிமிஷம் வருதே," என்றான் டெரெக். தொண்டையைச் செருமிக்கொண்டான். "எட்டு நிமிஷக் காத்து போதாதா?"

ஹாப்டேகூட மெல்லுவதை நிறுத்தினார்.

"டெரெக்," என்றார் குவென்டின், அவன் தோளில் கையை வைத்து. "அந்தக் காத்துக்காக நீ எவ்வளவு பெரிய தியாகம் பண்ணியிருக்கே. மாமனார் சாவுக்குக்கூடப் போகலை. அதுல மூணு நிமிஷத்தை வெட்டினா அந்தப் பெரியவர் ஆத்மாவுக்கு என்ன பதில் சொல்றது?"

டெரெக் யோசித்துப் பார்த்தான். எங்கோ உதைத்தது. எங்கே என்று கண்டுபிடிப்பதற்குள் குவென்டின் வாக்கெடுப்புக்கு விட்டுவிட்டார்.

"கலையா, குடும்பமா? கலைங்கறவங்க கையத் தூக்குங்க."

மூன்று கைகள் உயர்ந்தன. நான்காவது கை தோள்பட்டை வரைக்கும் வந்து, அங்கே கொஞ்ச நேரம் அரிப்பைச் சொரிவதுபோல் நின்று, பிறகு மேலே போயிற்று. 'தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.'

தீர்மானம் நிறைவேறியதும் குவென்டினின் தாயுள்ளம் இளகியது. "பாட்டை முழுசாத் தூக்கிட வேண்டாம்," என்றார். "ஹாப்டே ஐயா, தட்டு முடிஞ்ச பிறகு ஊசி நடுவுல சும்மா சுத்திட்டே இருக்குமே, அந்தக் கோடு எதுக்கு?"

"அது மூடின வட்டம் தம்பி. ஊசி வழுக்கிப் போய் லேபிள்ல ஏறாம இருக்கறதுக்கு. அதுல ஒண்ணும் வெட்டமாட்டோம்."

"வெட்டினா?"

"வெட்டினதே திரும்பத் திரும்பக் கேக்கும். ஒரு சுத்துக்கு ரெண்டு செகண்டுகூட வராது. அதுல என்னத்த வைப்பே?"

குவென்டின் அங்கியை உதறிக்கொண்டு எழுந்தார். "முடிவிலியை!" என்றார். "டெரெக், எங்க பாட்டெல்லாம் முடிஞ்சுபோயிடும்டா. உன் பாட்டு ஒண்ணுதான் முடியவே முடியாது. கொடுத்துவச்சவன்டா நீ!"

ஹாப்டே வெட்டிப் பார்த்தார். பாட்டின் தொடக்கத்தில் 'டோரீன்' என்ற பெயரும், அடுத்த சொல்லுக்கு இழுத்த மூச்சும் அடங்கின. அதற்கு மேல் இடமில்லை. பெயராவது இருக்கிறதே என்று டெரெக் மனதைத் தேற்றிக்கொண்டான். வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. 'ரெக்கார்டு வந்துடட்டும்' என்றான்.

வந்தது. மூன்றாக மடிந்த அட்டை. வெளியே பாலைவனத்தில் ஒரு முட்டை. உள்ளே அதே முட்டை கொஞ்சம் கிட்டத்தில். பின்பக்கம் 'ஏழாம் வாசல்: டோரீன் (முடிவிலி)' என்று அச்சிட்டிருந்தது.

விமர்சகர்கள் உச்சி குளிர்ந்தார்கள். அவர்களிடம் இருந்தவை புது மாதிரி ரெக்கார்டு பிளேயர்கள். பாட்டு முடிந்ததும் ஊசிக் கை தானாகத் தூக்கிக்கொண்டு போய் ஓரத்தில் படுத்துவிடும். ஆகவே மூடின வட்டம் ஒருவர் காதிலும் விழவில்லை. 'ஏழாம் வாசலில் குழு எதையுமே வாசிக்கவில்லை. என்ன துணிச்சல்!' என்று ஒரு பத்திரிகை எழுதியது. 'டோரீன் என்பது பண்டைக் கெல்ட்டியர் வழிபட்ட மௌனத் தெய்வம்' என்று இன்னொன்று ஆராய்ச்சிக் குறிப்பே போட்டது. குவென்டின் இரண்டையும் சட்டம் போட்டு மாட்டினார்.

மௌனத் தெய்வம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வறுத்த மாட்டிறைச்சியும் குழம்பும் போட்டு முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தது. வீட்டில் இருந்தது அவள் அப்பாவின் பழைய பாட்டுப் பெட்டி. தானாக எதையும் செய்யத் தெரியாதது.

"போடு," என்றாள்.

டெரெக் போட்டான். முதல் பக்கம் முழுக்க அவள் அசையாமல் கேட்டாள். வீங்கின காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு, முதல் வாசல், இரண்டாம் வாசல் என்று அட்டையில் விரலை வைத்து எண்ணிக்கொண்டே வந்தாள்.

"இப்பவா?"

"இல்ல டோரி. அடுத்த பக்கம்."

தட்டைத் திருப்பிப் போட்டான். சிட் ஐந்து நிமிடம் எதையோ உடைத்தான். ராபின் ஏழு நிமிடம் அழுதான். பிறகு காற்று வந்தது. டோரீன் நிமிர்ந்தாள்.

"இது என்னது?"

"காத்து."

"அந்தச் செவ்வாக்கிழமைக் காத்தா?"

டெரெக் தலையாட்டினான். பதினோரு நிமிடம் அந்தக் காற்று அவர்கள் கூடத்தில் அடித்தது. டோரீன் கைக்குட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். டெரெக் தன் இசையை இவ்வளவு உன்னிப்பாகக் கேட்ட ஓர் ஆளை அதுவரை பார்த்ததே இல்லை.

காற்று நின்றது. ஊசி நடுவில் வழுக்கியது.

'டோரீன்...' என்றது பெட்டி, டெரெக்கின் குரலில்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. முன்னால் சாய்ந்தாள்.

'டோரீன்...'

"ம்," என்றாள்.

'டோரீன்...'

"சொல்லுய்யா, கேட்டுட்டுத்தான் இருக்கேன்."

'டோரீன்...' 'டோரீன்...' 'டோரீன்...'

அவள் திரும்பி நிஜ டெரெக்கைப் பார்த்தாள். "ஊசி மாட்டிக்கிச்சா?"

"இல்ல. அது... அவ்வளவுதான். எடம் பத்தல. ஆனா பாரு, இது முடியவே முடியாது டோரி. முடிவிலி. குவென்டின் சொன்னாரு."

"காத்துக்கு எடம் இருந்துச்சு."

"ஓட்டுக்கு விட்டாங்க."

"நீயும் கை தூக்கினியா?"

டெரெக் தன் வலது கையைப் பார்த்தான். அது சட்டைப் பையில் ஒளிந்துகொண்டது.

டோரீன் எழுந்து மாடிக்குப் போனாள். கோட்டுப் போட்டுக்கொண்டு, துணிப்பெட்டியும் கையுமாக இறங்கி வந்தாள். ரெக்கார்டு நிற்காமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. வாசற்கதவைத் திறந்து பிடித்தபடி நின்றாள். போக மனமில்லை என்பது குருடனுக்குக்கூடத் தெரியும்.

"மூணு நிமிஷமெல்லாம் வேண்டாம். ஒரே ஒரு வார்த்தை. ராகம் வேண்டாம், தாளம் வேண்டாம், வாயத் தொறந்து சொல்லு. நான் பெட்டிய வச்சுடறேன்."

டெரெக்குக்குக் கண் கலங்கியது. பதினான்கு மாதம் பிரபஞ்சத்தைப் படைத்தவன் வாயைத் திறந்தான். நன்றாக மூச்சை இழுத்தான்.

"டோரீன்..." என்றான்.

'டோரீன்...' என்றது பெட்டி.

"டோரீன்..." என்றான் மறுபடியும்.

உலக இசை வரலாற்றில் அந்த மகத்தான படைப்பு உண்மையான ஸ்டீரியோவில் ஒலித்தது அன்றைக்குத்தான்.

டோரீன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "அந்தத் தட்டுக்காவது அதுக்கு மேல எடமில்ல," என்றாள். "உனக்கு என்னய்யா கேடு?"

கதவு சாத்திக்கொண்டது.