சாருஜாவின் உள்ளீடும் வெளியீடும்

வடமராட்சியின் வரலாற்றை யாராவது நேர்மையாக எழுத முன்வந்தால், கப்பலோட்டிகளுக்கும் கணித மேதைகளுக்கும் நடுவில் ஓர் அத்தியாயத்தைக் கரவெட்டி செந்தூரனுக்கு ஒதுக்கியே ஆக வேண்டும். மூன்று வயதுப் பெண்பிள்ளை ஒன்றைச் சோறு தின்னவும் கக்கூசுக்குப் போகவும் பழக்குவதற்காக ஓர் ஆவணக் கோவை திறந்து, ஒரு குழு அமைத்து, ஐந்து மாதத் திட்டம் வகுத்து, நாற்பத்தேழு பக்க அறிக்கையும் எழுதி முடித்த முதல் மனிதர் அவர்தான். அதற்கு முன்னரும் இந்தக் குடாநாட்டில் பிள்ளைகள் தின்றும் போயும் வளர்ந்ததாகச் சொல்கிறார்கள். ஆனால் அதற்கு ஆவணச் சான்று எதுவும் இல்லை.

செந்தூரன் ஓர் அரசாங்கக் கந்தோரில் அபிவிருத்தி உத்தியோகத்தர். எதை அபிவிருத்தி செய்வது என்று மேலிடம் இன்னும் அறிவிக்கவில்லை. ஆயினும் அதன் முன்னேற்றம் பற்றி மாதாமாதம் அறிக்கை அனுப்ப அவர் ஒருபோதும் தவறியதில்லை. மனைவி பிரசாந்தி பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிப்பவர். மகள் சாருஜாவுக்கு மூன்று வயதும் இரண்டு மாதமும். வாயில் வைத்த சோற்றை ஒரு கன்னத்தில் அதக்கிக்கொண்டு முக்கால் மணித்தியாலம் இருப்பாள். மற்றக் காரியம் வரும்போது யன்னல் திரைச்சேலைக்குப் பின்னால் போய் நின்று, உலகத்தோடு கோபித்துக்கொண்டவள் போல முகத்தை வைத்துக்கொண்டு, பம்பசுக்குள் முடித்துவிடுவாள்.

ஆவணி மாதம் முன்பள்ளியிலிருந்து அனுமதிப் படிவம் வந்தது. 'பிள்ளை தானாக உண்ணுமா? மலசலத் தேவையைத் தானாகச் சொல்லுமா?' என்று இரண்டு கேள்விகள்.

"என்னப்பா, உதுக்கு என்ன எழுதிறது? ஓமெண்டு போடட்டோ?" என்று பிரசாந்தி கேட்டார்.

"படிவத்திலை பொய் எழுதக் கூடாது. அறிக்கையிலை எண்டால் வேறை கதை," என்றார் செந்தூரன். "தை மாதத்துக்கு இன்னும் அஞ்சு மாதம் கிடக்கு. நீர் பொறும்."

அன்றைக்கே ஒரு நீலக் கோவை திறக்கப்பட்டது. உள்ளே இரண்டு நிரல்கள். ஒன்றின் தலைப்பு 'உள்ளீடு'. மற்றதன் தலைப்பு 'வெளியீடு'. சனிக்கிழமை தோறும் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் முன்னேற்ற மீளாய்வுக் கூட்டம் நடைபெறும். தலைவர் செந்தூரன், செயலாளர் பிரசாந்தி. வெளிநாட்டு ஆலோசகர், ரொறன்ரோவில் இருக்கும் செந்தூரனின் தமக்கை குணலட்சுமி. பயனாளியான சாருஜாவுக்குக் கூட்டத்தில் வாக்குரிமை இல்லை.

உள்ளீட்டுத் துறையின் முதற் சாதனை தற்செயலாக நிகழ்ந்தது. ஒரு மத்தியானம் சோறு தீத்திக்கொண்டிருந்தபோது செந்தூரன் முக்காலியிலிருந்து வழுக்கித் தொப்பென்று விழுந்தார். சாருஜா கெக்கட்டமிட்டுச் சிரித்தாள். சிரித்தபோது வாய் திறந்தது. கணிதம் படித்த பிரசாந்தி அந்தக் கணத்தை வீணாக்கவில்லை, ஒரு பிடி சோறு உள்ளே போயிற்று.

செந்தூரன் நிலத்தில் கிடந்தபடியே கோவையைக் கேட்டு வாங்கி எழுதினார்: 'ஒரு விழுகை, ஒரு பிடி.'

அதன் பிறகு ஒவ்வொரு சாப்பாட்டு நேரத்துக்கும் பதினான்கு தரம் விழுந்தார். ஆரம்பத்தில் சாதாரண விழுகை போதுமாயிருந்தது. இரண்டாம் கிழமை சத்தம் வேண்டியிருந்தது. மூன்றாம் கிழமை, விழும்போது கையில் ஒரு வாளியும் இருந்தால்தான் வாய் திறந்தது. நாலாம் கிழமை அவரால் நிமிர முடியவில்லை.

"எப்பிடி விழுந்தனீங்கள்?" என்று ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டார்.

"எந்த முறையைக் கேக்கிறியள், டொக்டர்?" என்றார் செந்தூரன்.

இடுப்புக்குப் பட்டி கட்டியதால் உள்ளீட்டுத் துறை தற்காலிகமாக ஒத்திவைக்கப்பட்டது. திட்டத்தின் முழுக் கவனமும் வெளியீட்டின் பக்கம் திரும்பியது. அப்போதுதான் ரொறன்ரோவிலிருந்து பெட்டி வந்து சேர்ந்தது. அதற்குள் நடுவில் துளையுள்ள ஒரு மஞ்சள் பிளாஸ்ரிக் கதிரை.

"தம்பி, இஞ்சை பிள்ளையள் உதிலை இருந்துதான் பழகுதுகள். பாட்டும் பாடும்," என்றார் குணலட்சுமி, கைபேசித் திரையில்.

"ஆர் அக்கா பாடுறது? பிள்ளையோ, கதிரையோ?"

"கதிரைதான். நனைஞ்சால் பாடும்."

கோவையில் அது 'இசை ஆசனம்' என்று பதியப்பட்டது. பரிசோதனைக்காகச் செந்தூரன் ஒரு குவளை தண்ணீரை உள்ளே ஊற்றினார். ஆசனம் பாடத் தொடங்கியது. சாருஜா துள்ளிக் குதித்து ஓடிவந்தாள். மகள் இசையில் மயங்கிவிட்டாள் என்று செந்தூரன் நினைத்தார். அவளோ துளைக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பணிஸ் எங்கை?"

பிரசாந்திக்கு உடனே விளங்கிவிட்டது. பின்னேரம் ஐந்து மணிக்கு ஒழுங்கைக்குள் பாணும் இனிப்புப் பணிசும் விற்க வரும் பாண் ஓட்டோ போடுகிற அதே மெட்டு. கனடாவில் அந்தக் கதிரையைச் செய்தவனுக்கு, இலங்கையில் அது எதற்குரிய மெட்டு என்று தெரிந்திருக்க நியாயமில்லை.

"உதிலை பணிஸ் வராது, அம்மா," என்றார் செந்தூரன் பொறுமையாக. "நீங்கள்தான் குடுக்கோணும்."

சாருஜா அவரை வெகுநேரம் பார்த்தாள். தகப்பன்மாரைப் பற்றிப் பிள்ளைகள் ஒரு முடிவுக்கு வருவது இப்படியான வேளைகளில்தான்.

அடுத்த ஞாயிறு பின்னேரம் நாலரைக்கு வெளியீட்டு விழா. நூல் வெளியீட்டு விழாக்கள் பலவற்றில் முன்வரிசையில் இருந்தவர் செந்தூரன். அவற்றிலும் வாசகர்கள் இப்படித்தான் கட்டாயத்தின் பேரில் இருத்தி வைக்கப்படுவார்கள். இலண்டனில் மத்தியானம், ரொறன்ரோவில் விடியல், மெல்பேணில் படுக்கிற நேரம். சொந்தக்காரர் எல்லோரும் கைபேசித் திரையில் வந்து குந்தினார்கள். மங்கல விளக்கேற்றப்பட்டது. 'நாயகி' இசை ஆசனத்தில் அமர்த்தப்பட்டாள். வரவேற்புரையை, அடுப்பில் பருப்பு கிடக்கிறதென்று சொல்லிப் பிரசாந்தி தவிர்த்துக்கொண்டார். தலைமையுரையைச் செந்தூரன் ஆற்றினார். இலண்டன் சித்தப்பா ஒலியைத் திறக்காமலே பத்து நிமிடம் வாழ்த்துரை வழங்கினார். அன்றைய உரைகளில் அதுதான் சிறந்தது என்று எல்லோரும் பிறகு ஒப்புக்கொண்டனர்.

அரை மணித்தியாலமாயிற்று. நாயகி அசையவில்லை. நூலும் வெளிவரவில்லை.

சரியாக ஐந்து மணிக்கு ஒழுங்கை முனையில் மெட்டுக் கேட்டது. சாருஜா ஆசனத்தைத் தள்ளிவிட்டு, அரையில் துணியில்லாமல், விளக்கையும் தாண்டி வாசற் படலைக்கு ஓடினாள். பாண் ஓட்டோவின் கண்ணாடிப் பெட்டிக்குள் பணிசைக் கண்டதும் அவளுக்கு வந்த ஆனந்தத்தை உடம்பு தாங்கவில்லை. ஓட்டோவின் முன்சில்லுக்குப் பக்கத்தில் நின்றபடியே அவள் எல்லாவற்றையும் வெளியிட்டாள்.

"தம்பி, என்ன சத்தம்? வெளியீடு நடந்ததோ?" என்று திரையிலிருந்து குணலட்சுமி கேட்டார்.

"நடந்தது அக்கா," என்றார் செந்தூரன். "மண்டபம் மாறீட்டுது."

பாண்காரர் அண்ணை நல்ல மனிதர், சில்லைத் தானே கழுவிக்கொண்டு போனார். ஆனால் மறுநாள் தொடக்கம் அந்த ஒழுங்கைக்குள் வருவதை நிறுத்திக்கொண்டார். அதன்பின் மாரி தொடங்கியது. அலுமாரிக்கு மேல் தூக்கி வைத்த இசை ஆசனம், ஈரக் காற்றுப் பட்டுத் தானாகப் பாட ஆரம்பித்தது. பாண் இல்லாமல் தவித்த அயலட்டைப் பிள்ளைகள் காசோடு வந்து படலையில் நின்றார்கள். மூன்றாம் நாள் பிரசாந்தி முக்காலியில் ஏறி, ஆசனத்தின் பற்றரியைக் கழற்றி, முற்றத்தில் எறிந்தார். செயலாளர் தன்னிச்சையாகச் செயற்பட்டதாகக் கூட்டறிக்கையில் பதிவாயிற்று.

மார்கழியில் செந்தூரனுக்கு வவுனியாவில் நாலு நாள் பயிற்சிப் பட்டறை. தலைப்பு: 'பெறுபேறுகளை நோக்கிய முகாமைத்துவம்.' திட்டத்தை விட்டுவிட்டுப் போக அவருக்கு மனமே இல்லை. பட்டறையில் ஒவ்வொரு தேத்தண்ணி இடைவேளையிலும் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்துப் பார்த்தார். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

பயந்துபோய்த் திரும்பி வந்தவர் கண்டது: சாருஜா குசினி நிலத்தில் இருந்து, தன் கையால் சோற்றைப் பிசைந்து, தன் வாயில் தானே வைத்துக்கொண்டிருந்தாள். தின்று முடிந்ததும் எழும்பி, "அம்மா, ஒண்டுக்கு," என்று சொல்லிவிட்டு, கொல்லைப் பக்கம் நடந்தாள்.

செந்தூரனின் கையிலிருந்த பயணப்பை கீழே விழுந்தது. சாருஜா திரும்பிப் பார்க்கவுமில்லை.

"பிரசாந்தி, நீர் என்ன செய்தனீர்?"

"நான் ஒண்டும் செய்யேல்லை. எனக்குக் காய்ச்சல். ரெலிபோனையும் நிப்பாட்டிப்போட்டுப் படுத்திட்டன். பொன்மலர் அக்காதான் வந்து தூக்கிக்கொண்டு போனவா."

பொன்மலர் பக்கத்து வளவில் இருப்பவர். நாலு பிள்ளைகள்.

"அவ என்ன முறை கையாண்டவா?"

"முறையோ? அவவின்ரை நாலும் வட்டமா இருந்து தின்னுதுகள். பிந்தினால் மிச்சம் இல்லை. பிறகு நாலும் வரிசையிலை கக்கூசுக்குப் போகுதுகள். இவளும் அஞ்சாவதா நிண்டவளாம்."

செந்தூரனுக்கு நாலு கிழமை விழுகைகளும் இடுப்புப் பட்டியும் நினைவுக்கு வந்தன. ஆனால் பெரிய மனிதர்கள் இப்படியான இடத்தில் நிலைகுலைவதில்லை. மேசைக்கு முன்னால் இருந்து கோவையைத் திறந்து எழுதினார்: 'திட்டத்தின் தாமதித்த பெறுபேறு. வெற்றி: நூறு வீதம்.'

நாற்பத்தேழு பக்க அறிக்கை கந்தோருக்குப் போயிற்று. மாசியில் 'சிறுவர் நற்பழக்க வாரம்' வந்தபோது, சிறப்புரையாற்ற அவரைத் தவிர வேறு யாரைக் கூப்பிடுவது? உரையின் தலைப்பு: 'சொல்லப் பழக்குவோம்.' கேட்பதற்கு ஆள் சேராது என்ற கவலையும் இருக்கவில்லை. கந்தோருக்கு அலுவல்களுக்காக வந்து மண்டபத்து மர வாங்குகளில் காத்திருந்த சனத்துக்கு, உரை முடிந்த பிறகே விண்ணப்பங்களை ஏற்கும் கருமபீடம் திறக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. மண்டபம் நிறைந்திருந்தது. முன்வாங்கில் பிரசாந்தியும், 'நேரடிச் சான்றாக' சாருஜாவும்.

செந்தூரன் ஒன்றரை மணித்தியாலம் பேசினார். அறிக்கையின் முப்பத்தோராம் பக்கத்தை நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

"பிள்ளைக்கு அவசரம் எண்டதைச் சில அறிகுறிகளாலை கண்டுபிடிக்கலாம். கதை குறைஞ்சு போகும். காலுக்கு மேலை காலைப் போடும். இருந்த இடத்திலை இருந்து முன்னுக்கும் பின்னுக்கும் ஆடும். நெத்தி வேர்க்கும்."

சபையில் அப்படி ஓர் அமைதி. ஒருவரும் கதைக்கவில்லை. கால்களைப் பின்னிக்கொண்டு, மெல்ல முன்னும் பின்னும் அசைந்தபடி, வேர்த்த முகங்களுடன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தன் பேச்சு சனத்தை இவ்வளவு தூரம் உலுக்கும் என்று செந்தூரன்கூட எதிர்பார்க்கவில்லை.

அப்போது சாருஜா எழும்பினாள். "அப்பா, எனக்கு ஒண்டுக்கு வருது."

"கேட்டியளோ? கேட்டியளோ?" என்றார் செந்தூரன். "இதுதான். இவ்வளவுதான் வேணும். பிள்ளை சொல்லோணும்."

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, சபை பார்த்திருக்க, மண்டபத்தின் பக்கத்திலிருந்த மலசலகூடத்துக்கு நடந்தார். கதவில் பூட்டுத் தொங்கியது. கதவுக்குப் பக்கத்தில் பிரதம லிகிதர் கனகசபாபதி பூட்டின் திறப்போடும் ஒரு பதிவேட்டோடும் மேசை போட்டு இருந்தார்.

"திறப்பைத் தாருங்கோ, கனகசபாபதி அண்ணை. பிள்ளைக்கு அவசரம்."

"தாறன், சேர். பெயர்?"

"சாருஜா."

"பதவி?"

"அவள் என்ரை மகள்."

"மகள் எண்டு ஒரு பதவி இல்லை, சேர். உத்தியோகத்தர் பாவனைக்கு மட்டும். வேறை ஆக்கள் எண்டால் எழுத்திலை விண்ணப்பிக்கோணும்."

"உந்த விசர்ச் சட்டத்தை ஆர் போட்டது?"

கனகசபாபதி பதிவேட்டின் முதற் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். எட்டு வருடத்துக்கு முந்திய சுற்றுநிருபம். 'மலசலகூடத் திறப்பின் முறையான முகாமைத்துவம்.' கீழே இருந்தது செந்தூரனின் கையெழுத்து. வசனங்களை அவருக்கு நன்றாக நினைவிருந்தது. 'பொதுமக்கள் எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும்' என்ற வரியை அடிக்கோடிட்டதும் அவர்தான்.

"நோக்கம் எண்ட நிரலையும் நிரப்போணும், சேர். ஒண்டோ ரெண்டோ? நீங்கள்தானே புள்ளிவிபரம் கேட்டனீங்கள்," என்றார் கனகசபாபதி பணிவுடன்.

செந்தூரன் பேனையை எடுத்தார். எழுதத் தொடங்குமுன் பின்னால் தண்ணீர் சிந்துகிற சத்தம் கேட்டது. வாசலில் வரவேற்புக்கென்று வைத்திருந்த பூச்சட்டியில், குரோட்டன் செடியைப் பிடித்துக்கொண்டு, சாருஜா தன் அலுவலை ஒழுங்காக முடித்துக்கொண்டிருந்தாள். முடித்ததும் சட்டையைக் கீழே இழுத்துவிட்டு, தாயிடம் போய் இருந்தாள்.

மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அந்தச் சட்டியைப் பொறாமையோடு பார்த்தார்கள். அப்போதுதான் செந்தூரனுக்குக் கண் திறந்தது. வாங்குகளில் வரிசையாகப் பின்னிய கால்கள், வேர்த்த நெற்றிகள், முன்னும் பின்னுமாக ஆடுகிற உடம்புகள். முப்பத்தோராம் பக்கம் முழுவதும் அவர் முன்னால் உட்கார்ந்திருந்தது.

மூன்றாம் வாங்கில் இருந்த இராசாத்தி எழும்பினார். வல்வெட்டித்துறையிலிருந்து பிறப்புப் பத்திரம் எடுக்க மூன்று நாளாக வந்து போகிறவர். வயிற்றில் எட்டு மாதம். காலையில் எட்டு மணி தொடக்கம் அந்த இடத்தில் இருக்கிறார்.

"சேர் நல்லாக் கதைச்சனீங்கள்," என்றார் அவர் அமைதியாக. "ஆனால் எங்களுக்குச் சொல்லப் பழக்கத் தேவையில்லை. உந்தக் கதவடியிலை நிண்டு நாங்கள் எட்டு வருசமாச் சொல்லுறம். உங்களைத்தான் ஒருத்தரும் கேக்கப் பழக்கேல்லை."