திரும்பப் பெறப்பட்ட முன்னூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள்

கல்யாணமான பதினாலாவது வருஷத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, அவர் ஒரு பெரிய முடிவுக்கு வந்தார். வாழ்க்கையில் ஒரே ஒரு வாக்குவாதத்திலாவது மனைவியை ஜெயித்துவிட வேண்டும். இரண்டு வேண்டாம். அவருக்குப் பேராசை கிடையாது. ஒன்று போதும்.

லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் அவர் கடிதப் பிரிவில் இருந்தார். ஊரில் எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் நடுவழியில் நின்றாலும் அதற்கு மன்னிப்புக் கேட்டு மின்னஞ்சல் எழுதுவது அவர் வேலை. எல்லாக் கடிதமும் ‘வருந்துகிறோம்’ என்றே தொடங்கும். அதனால் ஆபீசில் அவருக்குப் பெயரே ‘வருந்துகிறோம்’ என்று ஆகிவிட்டது. எழுத்தில் அவர் புலி. பேச்சில் எலி. வீட்டில் அந்த எலியும் வளைக்குள்தான்.

இத்தனை வருஷமாக அவரைத் தோற்கடித்தது மனைவிகூட இல்லை, அவருடைய எழுத்துதான். நிச்சயம் ஆன நாளிலிருந்து அவர் அவளுக்கு மின்னஞ்சல் எழுதிக் குவித்திருந்தார். ஊழியர் குடும்பத்துக்கும் கம்பெனி தன் சர்வரிலேயே முகவரி கொடுத்திருந்ததால் செலவில்லாத காதல். அவளோ ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும் மருந்துக்கடையில் மருந்தாளுநர். எந்த மாத்திரை எந்தத் தட்டில், எந்த மாதம் காலாவதி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். அப்படிப்பட்டவளிடம் எழுத்தில் வாக்குக் கொடுப்பது தன் கையாலேயே விலங்கு பூட்டிக்கொள்வதற்குச் சமம். சண்டை என்று வந்தால் அவள் குரலை உயர்த்தமாட்டாள். செல்போனை எடுப்பாள். இரண்டு தட்டுத் தட்டுவாள். அவர் எழுதியதை அவருக்கே நிதானமாகப் படித்துக் காட்டுவாள்.

திங்கட்கிழமை ராத்திரி நடந்த கடைசிச் சண்டை கொஞ்சம் பெரியது. அவளுக்கு வேறொரு ஊரில் இரண்டு வருஷ மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அடுத்த திங்கட்கிழமை சேர வேண்டும். வீடு என்ன ஆவது, மகள் என்ன ஆவாள் என்று அவர் ஆரம்பித்தார். அவள் செல்போனை எடுத்தாள். ‘நம் குழந்தை பெரிய வகுப்புக்குப் போனதும் நீ மேலே படிக்கப் போ. இரண்டு வருஷமானாலும் வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். இது சத்தியம்.’ எழுதியவர் அவரேதான். அப்போது குழந்தையே பிறக்கவில்லை. அது ஏதோ ஆர்வத்தில் எழுதியது, பழைய காகிதம் மாதிரி, அதெல்லாம் செல்லாது என்று அவர் சொல்லிப் பார்த்தார். அவள் போனை மூடி வைத்துவிட்டுப் படுக்கப் போனாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமைதான் ஆபீசில் புது மென்பொருள் வந்தது. அனுப்பிய கடிதம் அனுப்பியவருக்கே சொந்தம் என்பது அதன் கொள்கை. யார் திறக்கலாம், எத்தனை நாள் படிக்கலாம், மற்றவருக்கு அனுப்பலாமா, எல்லாம் அனுப்பியவர் கையில். வேண்டாம் என்றால் போன கடிதத்தையும் பூட்டிவிடலாம். கம்ப்யூட்டர் பிரிவைத் தனியாளாகப் பார்த்துக்கொள்ளும் பெண்மணியை எல்லோரும் சிஸ்டம் மேடம் என்பார்கள். அவர் எல்லோருக்கும் செய்து காட்டினார். இந்தப் பொத்தான் அனுமதி அளிக்க, அந்தப் பொத்தான் அனுமதி அழிக்க, நாக்கு புரண்டாலும் பரவாயில்லை, விரல் புரளக் கூடாது என்று எச்சரித்தார். பூட்டிய கடிதத்தைத் திறக்கப் போகிறவருக்கு ஒரு வரி மட்டும் தெரியும்: ‘இந்தக் கடிதம் இனி உங்களுக்கு இல்லை.’

சர்வரில் கிடக்கும் பழைய கடிதங்களுக்கும் இது பொருந்துமா என்று ‘வருந்துகிறோம்’ சும்மா கேட்பதுபோல் கேட்டார். பொருந்தும் என்றார் சிஸ்டம் மேடம். அப்போது அவர் முகத்தில் வந்த சிரிப்பை சிஸ்டம் மேடம் கவனித்தார்.

பத்து நிமிஷத்தில் சத்தியம் ரத்தானது.

அன்று சாயங்காலம் அவர் போருக்குத் தயாராக வீட்டுக்குப் போனார். மகள் பள்ளிக்கூட முகாமுக்குப் போயிருந்ததால் வீட்டில் சத்தமே இல்லை. மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். சண்டை எதுவும் வரவில்லை. கேள்விகூட வரவில்லை. அவராலேயே பொறுக்க முடியவில்லை. படிப்பு விஷயம் என்ன ஆச்சு என்று கேட்டார்.

“என்ன படிப்பு?” என்றாள் அவள்.

கிண்டலாகச் சொல்லவில்லை. மறந்ததைத் தேடும் முகம்கூட இல்லை. மழை வருமா என்று கேட்டால் ஜன்னலைப் பார்ப்போமே, அப்படி ஒரு சாதாரண முகம். அவருக்கு முதுகில் ஏதோ ஊர்ந்தது. ஆனால் ஜெயித்த சந்தோஷம் அதைத் தட்டிவிட்டது.

ஜெயித்த ருசி பொல்லாதது. புதன்கிழமை அவர் தன் மன்னிப்புக் கடிதங்களைப் பூட்டினார். அவளை ரயில் நிலையத்தில் மூன்று மணி நேரம் காக்க வைத்ததற்கு ஒன்று, அவள் தம்பியைச் சோம்பேறி என்றதற்கு ஒன்று, இப்படி ஏழு. அப்போதுதான் அந்தப் பதிவேடு அவர் கண்ணில் பட்டது. இத்தனை வருஷமாக ஒவ்வொரு கடிதத்தையும் யார், எப்போது திறந்தார்கள் என்று அது வரிவரியாகக் காட்டியது. அவள் தினமும் பிற்பகல் இரண்டு நாற்பதுக்குத் திறந்திருக்கிறாள். மருந்துக்கடையில் கூட்டம் ஓயும் நேரம். சாட்சியம் சேர்க்கிறாள் என்று அவர் நினைத்தார். ஆனால் அதிகம் திறந்தது அந்தச் சத்தியக் கடிதம் இல்லை. அவர் ஒரு தடவை லிஃப்டில் மாட்டிக்கொண்டு, இருட்டில் போனைத் தட்டி எழுதிய நாலு வரி. ‘பயமாக இருக்கிறது. யாரும் வரவில்லை. உன் மூக்கை நினைத்துக்கொண்டேன், சிரிப்பு வந்தது, பயம் போய்விட்டது.’ அதை அவள் எழுநூற்றுச் சொச்சம் தடவை திறந்திருந்தாள்.

அவர் கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாப்பாட்டு மணி அடித்தது, எழுந்து போய்விட்டார்.

அன்று மாலை டீ போட்டுக்கொண்டே அவள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“சர்க்கரை எத்தனை ஸ்பூன் போடட்டும்?”

பதினாலு வருஷமாக அவர் சர்க்கரை இல்லாத டீதான் குடிக்கிறார். இரண்டு என்று ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. அவள் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். விருந்தாளிக்கு எடுக்கும் பூப்போட்ட கோப்பை. அவர் தித்திப்பைக் குடித்து முடிக்கும் வரை மரியாதையாக எதிரே உட்கார்ந்திருந்தாள்.

வியாழக்கிழமை விரல் புரண்டது. அந்த ஏழு மன்னிப்பையும் திரும்ப அளித்துவிடலாமா என்று இரண்டு மனசாகப் பொத்தானைத் தேடியவர், ‘தேர்ந்தவை’ என்பதற்குப் பதில் ‘அனைத்தும்’ என்பதையும், ‘அளி’க்குப் பதில் ‘அழி’யையும் அழுத்திவிட்டார். அளிக்க நினைத்தவர் அழித்துவிட்டார். முன்னூற்றுப் பன்னிரண்டு கடிதங்களும் திரையில் ஒவ்வொன்றாகச் சாம்பல் நிறமாயின. நிச்சயம் ஆன ராத்திரி எழுதிய முதல் கடிதம் கடைசியாகச் சாம்பலானது. இரண்டு நாற்பதுக்கு அவர் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். லிஃப்ட் கடிதத்துக்கு நேரே ஒரு வரி வந்தது: முயற்சி, மறுக்கப்பட்டது. ஒரு நிமிஷம் கழித்து இன்னொன்று. பிறகு இன்னொன்று. மூன்றோடு நின்றுவிட்டது.

வீட்டுக்குப் போனபோது ஹால் சுவரில் கல்யாணப் படம் இல்லை. அது தொங்கிய இடத்தில் மட்டும் சுண்ணாம்பு வெளுப்பாக, சதுரமாக இருந்தது. படம் எங்கே என்று கேட்டார். அவள் சுவரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி சுவரைப் பார்த்தாள். அங்கே ஏதாவது இருந்ததா என்று கேட்டாள். குளியலறையில் அவருடைய பிரஷ்ஷைக் காணோம். பிரிக்காத புது பிரஷ் ஒன்று துண்டின் மேல் வைக்கப்பட்டிருந்தது. படுக்கையில் அவருடைய ஜன்னல் பக்கத்தில் அவள் படுத்திருந்தாள். தலையணையைச் சுவரோரம் போட்டுக்கொண்டு அவர் படுத்தார். பக்கத்தில் ஒரு முன்பின் தெரியாதவள் சீராக மூச்சுவிடுவதைக் கேட்டுக்கொண்டே கிடந்தார்.

எல்லாம் நடிப்பு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நடிப்பென்றால் எங்காவது உதடு துடிக்கும், கண் சிமிட்டும். காலையில் உற்று உற்றுப் பார்த்தார். ஒன்றுமில்லை. உற்றுப் பார்க்கும் ஆளைப் பார்த்து ஒரு பெண் எப்படி முந்தானையைச் சரிசெய்துகொள்வாளோ, அப்படிச் செய்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமை இரண்டு நாற்பது. பதிவேடு அசையவில்லை. இரண்டு நாற்பத்தைந்து. மூன்று. மூன்றரை வரை திரையைப் புதுப்பிக்கும் பொத்தானை அழுத்தி அழுத்தி அவருடைய விரல் மரத்துவிட்டது. மறுக்கப்பட்டது என்ற வரி வந்தபோது உறுத்தியது உண்மைதான். ஆனால் அந்த வரியே வராமல் போனது அதைவிட மோசம். அவள் தட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

மருந்துக்கடைக்குப் போன் செய்தால் அவள் இன்று லீவு என்றார்கள். ஆபீசில் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். மூன்றாவது மாடி. சாவி திரும்பியது, கதவு நாலு விரல் அகலம் திறந்தது, சங்கிலி தடுத்தது. அந்த இடைவெளியில் அவள் முகம் தெரிந்தது. வெயில் அவள் மூக்கின் மேல் விழுந்திருந்தது.

“சொல்லுங்க சார். யாரைப் பாக்கணும்?”

அவர் இடைவெளியில் முகத்தைக் காட்டினார். நான்தான் என்றார். எந்த நான் என்பதுபோல் அவள் காத்திருந்தாள். உன் புருஷன் என்றார். சொல்லும்போதே அது அவருக்கே பொய்போலக் கேட்டது. எழுத்தில் ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று அவள் கேட்டாள். முகவரி மாறி வருகிறவர்களிடம் கேட்பதுபோலப் பொறுமையாகக் கேட்டாள். பிறகு உள்ளே போய், ஒரு டம்ளர் தண்ணீரைச் சங்கிலிக்குக் கீழே நீட்டினாள்.

“வெயில்ல வந்திருக்கீங்க. குடிச்சிட்டு மெதுவாப் போங்க.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அந்தக் கருணையைத் தாங்க முடியவில்லை. தண்ணீரைக் குடித்தார், டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார், நன்றிகூடச் சொன்னார். படியிறங்கி நேரே ஆபீசுக்குத் திரும்பினார்.

ஆபீசில் சிஸ்டம் மேடம் கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். பூட்டியதை எல்லாம் திறந்துவிடுங்கள் என்று அவர் கெஞ்சினார். மொத்தமாக அழித்த அனுமதியை மறுபடி அளிக்க முடியாது என்றார் சிஸ்டம் மேடம். உங்கள் பக்கம் நகல் இருக்கிறது, வேண்டுமானால் புதுசாக அனுப்பலாம். அவர் முன்பின் யோசிக்கவில்லை. முன்னூற்றுப் பன்னிரண்டையும் தேர்ந்தெடுத்தார். பின்னால் திரும்பப் பெறும் உரிமை வேண்டுமா என்று திரை கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினார். எத்தனை நாளில் காலாவதி என்று கேட்டது. கிடையாது என்று அழுத்தினார். நிச்சயமா என்று கேட்டது. நிச்சயம், நிச்சயம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அழுத்தினார்.

வீட்டுக்கு வந்தபோது கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே அவள் செல்போன் விடாமல் மணியடித்துக்கொண்டிருந்தது. நூறு, இருநூறு என்று வந்துகொண்டே இருந்தது. அவள் சோபாவில் காலை மடித்து உட்கார்ந்து லிஃப்ட் கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, வந்துட்டீங்களா என்றாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சின்னப்பிள்ளைபோல அழுதார். அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். தடவிய கையிலேயே போனைத் திருப்பிக் காட்டினாள்.

“செல்லாது, பழசுன்னு சொன்னீங்களே. இப்பப் பாருங்க. இன்னிக்குத் தேதி போட்டிருக்கு. இனிமே நீங்க நினைச்சாலும் திரும்ப வாங்க முடியாதாம்.”

சத்தியம் பளபளவென்று புதுசாக இருந்தது. யார் சொன்னது, வாங்க முடியாதென்று என அவர் மெல்லக் கேட்டார். சிஸ்டம் மேடம் தலைவலி மாத்திரைக்குத் தன் கடைக்குத்தான் வருவார் என்று அவள் சொன்னாள். செவ்வாய்க்கிழமை சத்தியம் பூட்டிக்கொண்டதுமே அவரைப் போனில் கூப்பிட்டுக் கேட்டுவிட்டாளாம், இதைச் சற்று முன் சொன்னதும் அவர்தானாம். பிறகு எழுந்து போய்க் கல்யாணப் படத்தைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து மாட்டினாள். பெட்டியையும் அங்கிருந்துதான் இழுத்தாள். அது பாதி அடுக்கியாகிவிட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் டாக்ஸி நின்றது. மகள் முகாமிலிருந்து மத்தியானம் வருவாள், அவளுக்குச் சோறு வைக்க வேண்டும், துணி ஊறிக் கிடக்கிறது, கேஸ் சிலிண்டர் எப்போது வேண்டுமானாலும் தீரும் என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தார். கேட்காமல் விட்டால் இரண்டு வருஷம் தூக்கம் வராது என்று தோன்றியதால் ஜன்னல் வழியாகக் குனிந்து கேட்டே விட்டார்.

“அந்த நாலு நாளும் நடிச்சதுதானே?”

அவள் யோசித்தாள். விளையாட்டுக்கு இல்லை, உண்மையாகவே யோசித்தாள்.

“மொத நாள் ரொம்பக் கஷ்டப்பட்டு நடிச்சேங்க,” என்றாள். “அப்புறம் அதுக்கு அவசியமே இல்லாமப் போச்சு.”