பின்பலகையை இறக்காமல் ஒரு விருந்து

ஃபோர்ட் ஹார்லன் காட்டுவாத்துகள் கால்பந்து அணியின் ரசிகர்கள் ஆட்டத்துக்கு முன்பு போதிய அளவு மகிழ்ச்சியாக இல்லை என்று மாகாண அரசு அமைத்த ஆய்வுக்குழு கண்டுபிடித்தது. எல்லைக்குத் தெற்கே அமெரிக்கர்கள் ஆட்டம் தொடங்கப் பல மணி நேரம் முன்பே மைதானத்து வாசலுக்கு வந்து, பிக்கப் வண்டியின் பின்பலகையை இறக்கி, அதன்மேல் அடுப்பை வைத்து, இறைச்சி வாட்டி, பியர் குடித்துக் கொண்டாடுகிறார்கள். நம் மக்களோ நேராக உள்ளே வந்து உட்கார்ந்து, அணி தோற்றதும் எழுந்து வீட்டுக்குப் போகிறார்கள். இந்த மகிழ்ச்சிப் பற்றாக்குறையை இனியும் பார்த்துக்கொண்டிருப்பது பொறுப்புள்ள ஓர் அரசுக்கு அழகல்ல என்று அறிக்கை முடிந்தது.

குழு ஒன்றைக் கவனிக்கவில்லை. மைதானத்தின் வடக்கு வேலிக்கு அப்பால், எப்போதோ மூடப்பட்ட கம்பளக் கடை ஒன்றின் முற்றத்தில், ஒரு தலைமுறைக் காலமாக இதே காரியம்தான் நடந்துகொண்டிருந்தது. பொது இடத்தில் பியர் குடிப்பது குற்றம் என்பதால் அங்கே எல்லோரும் காகிதக் காபிக் கோப்பையில் குடித்தார்கள். ரோந்து வரும் போலீஸ்காரர், "காபி சூடா இருக்கா?" என்று கேட்பார். "ஆறிப்போச்சு" என்பார்கள். சட்டம் காப்பாற்றப்பட்ட திருப்தியோடு அவர் நகர்ந்துவிடுவார். ஆய்வுக்குழு அலுவலக நாட்களில் மட்டுமே ஆய்வு செய்தது. ஆட்டமோ சனிக்கிழமைகளில். ஆகவே குழுவைக் குறை சொல்ல முடியாது.

"ஆட்டத்துக்கு முந்தைய தன்னிச்சை மகிழ்ச்சி முன்னோடித் திட்டம்" என்று பெயர் வைக்கப்பட்டது. அதை நடத்தும் பொறுப்பு, அணியின் அலுவலகத்தில் தற்காலிகப் பணியிலிருந்த லெசியா பாவ்லிக்கிடம் வந்து சேர்ந்தது. தற்காலிகம் என்றால், பருவம் முடிந்ததும் வேலையும் முடியும். குளிர்காலம் முழுவதும் என்ன செய்வது என்று லெசியா ஒவ்வோர் ஆண்டும் இலையுதிர் காலத்தில் யோசிப்பாள். இந்த முறை மதுபான ஒழுங்கு வாரியத்தின் துணை இயக்குநர் ஃபென்விக் அந்தக் கவலைக்கு ஒரு முடிவு சொன்னார்.

"அமைச்சர் நேர்ல வந்து பார்க்கப்போறாங்க. சந்தோஷமா ஒரு கூட்டத்தைக் காட்டிட்டீங்கன்னா உங்க வேலை நிரந்தரம். காட்டலைன்னா..." என்றவர், மீதியைச் சொல்வது அநாகரிகம் என்று நிறுத்திக்கொண்டார்.

விதிகள் ஏற்கெனவே தயாராக இருந்தன. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் மிகவும் நியாயமானது. வாகன நிறுத்தத் துறை சொன்னது: பின்பலகையை இறக்கினால் வண்டியின் நீளம் கூடுகிறது. நீளம் கூடினால் கோட்டைத் தாண்டுகிறது. ஆகவே பின்பலகையை இறக்கக் கூடாது. தீயணைப்புத் துறை சொன்னது: வண்டியில் பெட்ரோல் இருக்கிறது. ஆகவே வண்டியருகே அடுப்பு கூடாது. சுகாதாரத் துறை சொன்னது: வாட்டாத இறைச்சியை உண்ணக் கூடாது. இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால் வீட்டிலிருந்தே சாப்பிட்டுவிட்டு வர வேண்டும் என்று ஆகிறது. அதை எந்தத் துறையும் சொல்லவில்லை. கணக்குப் போட்டால் வரும் விடை அதுதான்.

"பியர்?" என்று லெசியா கேட்டாள்.

"தாராளமா உண்டு. தெற்கு மூலையில கூடாரம். அங்க வாங்கி அங்கயே குடிக்கணும், வண்டிக்குக் கொண்டுபோகக் கூடாது."

"வண்டி நிக்கறது வடக்கு மூலையில."

"அதான் பாதுகாப்பு. குடிக்கிறவங்களையும் வண்டியையும் பிரிச்சு வெச்சிருக்கோம்."

"சார், பக்கத்து வண்டிக்காரருக்கு ஒரு துண்டு சாஸேஜ் குடுத்தா?"

ஃபென்விக் யோசித்தார். யோசிக்கும்போது அவர் முகத்தில் ஒரு கருணை தெரியும். "குடுக்கறவங்க உணவு விநியோக உரிமம் வெச்சிருக்கணும். வாங்கறவருக்கு எதுவும் தேவையில்லை. அந்த மட்டுல நாங்க தாராளமா இருக்கோம்."

லெசியாவுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான் இருந்தது. கம்பளக் கடை முற்றத்தின் மூலவரான ஒரெஸ்ட் அவளுடைய சொந்த அண்ணன். அவனுடைய பூண்டு சாஸேஜின் வாசனையை வைத்தே காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று ஊர் சொல்லும்.

"அண்ணே, ஒரே ஒரு நாளைக்கு உன் ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு வேலிக்கு இந்தப் பக்கம் வந்து நில்லு. என் வேலை அதுலதான் இருக்கு."

ஒரெஸ்ட் விதிகளைப் படித்தான். உதடு அசைய, மெதுவாகப் படித்தான்.

"பலகையை இறக்கக் கூடாது, அடுப்பு கூடாது, பக்கத்துல இருக்கறவனுக்கு ஒரு வாய் குடுக்கக் கூடாது. அப்ப நாங்க அங்க வந்து என்ன பண்றது? வண்டிக்குள்ள உக்காந்து பெல்ட்டைப் போட்டுக்கிட்டு சந்தோஷப்படணுமா?"

"பெல்ட் கட்டாயம் இல்லேண்ணே. போட்டுக்கிட்டா நல்லதுன்னுதான் இருக்கு."

"லெசியா, நீ என் கூடப் பொறந்தவ. கேட்டா என் சிறுநீரகத்தைக்கூடத் தர்றேன். இதைக் கேக்காத."

மைதானத்து வாகன நிறுத்துமிடத்தில் திட்டத்தின் திறப்பு நாள் வந்தது. அக்டோபர் காற்று காதைக் கிள்ளியது. வரவேற்பு வளைவு, மணிக்கட்டுப் பட்டை கட்டிவிட ஆள், பியர்க் கூடாரம், முதலுதவி வண்டி, ஒலி அளவைப் பார்க்க ஒரு நிபுணர் என்று எல்லாம் இருந்தன. ரசிகர்கள் என்று பார்த்தால், ஒரு முதிய தம்பதி மட்டும். அவர்களும் வழக்கமான நிறுத்துமிடம் என்று நினைத்து உள்ளே வந்துவிட்டவர்கள். வெளியேறும் வழி ஆட்டம் முடிந்தபின்தான் திறக்கும் என்று சொன்னதும், தொந்தரவு கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு வண்டிக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டார்கள்.

வேலிக்கு அப்பால் ஊரே இருந்தது. பின்பலகைகள் வரிசையாக இறங்கியிருந்தன. பெரிய சட்டியில் உருளைக்கிழங்கு அடைத்த பெரோகிக் கொழுக்கட்டைகள் வதங்கின. வாத்து போலக் குரலெழுப்பும் ஊதுகுழலை ஒருவர் ஊத, நூறு பேர் பதிலுக்குக் கத்தினார்கள்.

அமைச்சர் க்ளெண்டா ராஸ்முசென் இறங்கியபோது காற்று திசை மாறியது. அவர் மூக்கை உயர்த்தினார்.

"எவ்வளவு அருமையான வாசனை! கூட்டம் எங்க?"

லெசியா ஃபென்விக்கைப் பார்த்தாள். ஃபென்விக் வானத்தைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் அண்ணன் உட்பட அத்தனை பேருக்கும் அபராதம். அவளுக்கும் வேலை போகும். பொய் சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை. அவள் வேலிக்கு அப்பால் கையைக் காட்டினாள்.

"அங்க இருக்காங்க."

"திட்டத்தோட இரண்டாம் கட்டம்" என்றார் ஃபென்விக், கண் இமைக்காமல்.

அமைச்சர் வேலியில் இருந்த ஓட்டை வழியாகக் குனிந்து போனார். ஒரெஸ்ட் அவரை யாரென்று கேட்கவில்லை. அங்கே வருகிறவர்களை யாரென்று கேட்பது வழக்கமில்லை. ரொட்டியில் சுருட்டிய சாஸேஜ் ஒன்றைக் கையில் கொடுத்தான்.

"காபி?"

"சூடா இருக்கா?"

"ஆறிப்போச்சு."

அமைச்சர் ஒரு மடக்குக் குடித்தார். பிறகு இன்னொரு மடக்கு. மூன்றாவது கோப்பையில் வாத்துக் குரல் எழுப்பினார். திரும்பி வந்தபோது அவருடைய கோட்டில் கடுகுச் சாந்து ஒட்டியிருந்தது, கண்ணில் ஈரம் தெரிந்தது.

"நம்ம கொள்கை இப்படி உயிரோட நடமாடறதைப் பார்ப்பேன்னு நான் நினைக்கவே இல்லை" என்றார்.

பிறகு லெசியா தனியாக ஃபென்விக்கிடம் சொன்னாள்: "சார், நம்ம இடத்துக்கு ஒருத்தர்கூட வரலை."

"நம்ம ஊர்க் கால்பந்துல, உதைச்ச பந்து கோல் கம்பத்துக்கு வெளியே போனாலும், எதிராளி அதை மைதானத்துக்குள்ள திருப்பிக் கொண்டுவரலைன்னா நமக்கு ஒரு புள்ளி. அமெரிக்காக்காரங்க இதைப் பார்த்துச் சிரிப்பாங்க. அவங்களுக்கு நிர்வாகம் புரியாது" என்றார் ஃபென்விக்.

லெசியாவின் வேலை நிரந்தரமாயிற்று. திட்டத்தின் மாபெரும் வெற்றியைக் கருத்தில்கொண்டு, கம்பளக் கடை முற்றத்தையும் அதன் வரம்புக்குள் கொண்டுவர அரசு ஆணையிட்டது. கூடவே விதிகளும் அங்கே போய்ச் சேர்ந்தன. ரசிகர்களின் உணர்வுகளை மதிக்கும் வகையில் ஒரெஸ்ட் ஆலோசனைக் குழுத் தலைவராக நியமிக்கப்பட்டான். ஆரஞ்சு நிற மேலங்கியும் ஒரு விசிலும் தந்தார்கள்.

முதல் நாள் அந்த மேலங்கியை அவன் வண்டியிலேயே விட்டுவிட்டான். இரண்டாம் நாள் குளிராக இருக்கிறதென்று போட்டுக்கொண்டான். மூன்றாவது ஆட்டத்தன்று லெசியா போனபோது, அவன் விசில் ஊதிக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தான்.

"பலகையை ஏத்து, எல்டன். கோட்டைத் தாண்டுது பார்."

"ஒரெஸ்ட், இது நீ கோடு போடறதுக்கு முன்னாடியே இறக்கின பலகை."

"நான் சொல்லலைப்பா, விதி சொல்லுது. உன் பலகையை விட்டா எல்லாரும் கேப்பாங்க."

"அண்ணே, இந்த விதியைப் பார்த்து நீதானே சிரிச்சே?" என்றாள் லெசியா.

"அப்ப எனக்கு விஷயம் முழுசாத் தெரியாது. உள்ள வந்து பார்த்தாத்தான் கஷ்டம் புரியுது" என்றான் ஒரெஸ்ட்.

எல்டன் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். யாரிடமும் சண்டைக்குப் போகாதவர். அடுத்த ஆட்டத்தன்று அவரும் மற்றவர்களும் கம்பளக் கடைப் பக்கம் போகவில்லை. அங்கே ஒலி நிபுணரும் முதலுதவி வண்டியும் ஒரெஸ்டும் மட்டும் ஒருவரையொருவர் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார்கள். திட்டத்தின் ஆட்கள் அனைவரும் அங்கே போய்விட்டதால், மைதானத்துப் பழைய நிறுத்துமிடத்தைக் கவனிக்க யாருமில்லை. கூட்டம் அங்கே நின்றது. ஆனால் ஒரு பலகையும் இறங்கவில்லை.

லெசியா வருவதைப் பார்த்ததும் எல்டன் தொப்பியைக் கழற்றினார்.

"மன்னிக்கணும் லெசியா. வேலை நேரத்துல தொந்தரவு பண்றேன்."

"சொல்லுங்க."

"இங்க பழையபடி அடுப்பு மூட்டலாம்னு இருக்கோம். திருட்டுத்தனமாத்தான். அதுக்கு யார்கிட்ட அனுமதி வாங்கணும்?"

சிரிக்கப்போகிறார்கள் என்று லெசியா காத்திருந்தாள். அத்தனை பேரும் அவளையே மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'போங்க, மூட்டுங்க' என்று இரண்டே சொல்லில் முடித்திருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அவளுக்கு இப்போது நிரந்தர வேலை இருந்தது.

"என்கிட்டத்தான்" என்றாள். "ஒவ்வொருத்தரா வாங்க."

அவர்கள் முகத்தில் நிம்மதி பரவியது. யாரும் யாரையும் தள்ளவில்லை. ஒரு நிமிடத்துக்குள், அவள் நின்ற காலிப் பியர்க் கூடாரத்திலிருந்து வாசல்வரை நேர்த்தியான ஒரு வரிசை உருவாயிற்று. உள்ளே ஆட்டம் தொடங்கும் ஊதல் கேட்டது. ஒருவரும் அசையவில்லை. வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல் மட்டும் எழுந்தது.

"மன்னிக்கணும், பெரோகிக்கும் சாஸேஜுக்கும் ஒரே வரிசையா, வேற வேறயா?"