நாலாம் கட்டிலைப் பார்க்கச் சொன்ன பூட்டு சார்

பூட்டு சாரைப் போல ஒரு சந்தேகப் பிராணி பதுளையில் அவருக்கு முன்னும் இருந்ததில்லை, இனிப் பிறக்கப்போவதும் இல்லை. கதவைத் தட்டும் சொந்த மனைவியிடமே "யாரு?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டுத்தான் திறப்பார். மூன்றாவது தரம் கேட்ட அன்று அந்த அம்மா அகப்பையால் பதில் சொன்னதாக ஆஸ்பத்திரியில் ஒரு பேச்சு உண்டு.

அந்த ஆஸ்பத்திரியில் நான் தாதி. எல்லாரும் 'மிஸி' என்பார்கள். அவர் மருத்துவக் கருவிகளைப் பழுது பார்ப்பவர். கருவிகள் எல்லாம் வலையமைப்பில் இணைந்த பிறகு, வெளியாள் உள்ளே புகாமல் அவற்றைக் காப்பது எப்படி என்று கொழும்பில் இரண்டு நாள் வகுப்பு நடந்தது. சாதுவாகப் போன மனிதர் கண்ணை உருட்டிக்கொண்டு திரும்பி வந்தார். பூட்டு சார் என்ற பெயர் அந்த வாரமே ஒட்டிக்கொண்டது.

முதல் நாளே மானம் போயிற்று. நோயாளியின் நாடித்துடிப்பைக் காட்டும் மொனிட்டரின் கடவுச்சொல்லை மறந்துவிடக் கூடாதென்று பிளாஸ்டரில் எழுதி மொனிட்டரின் நெற்றியிலேயே ஒட்டியிருந்தோம். "இதுக்குப் பேசாம வாசல்ல போர்டு போடுங்க மிஸி!" என்று உரித்து எடுத்தார். தொழிற்சாலையில் வைத்த 1234-ஐ உடனே மாற்றச் சொன்னார். நாங்களும் கீழ்ப்படிந்து 4321 என்று மாற்றினோம். சார் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

பிறகு சோதனைகள் தொடங்கின. வார்டு தொலைபேசியில் யார் அழைக்கிறார் என்று எண் தெரியாது. அதில் ஒரு நாள் கம்பெனி இன்ஜினியராகப் பேசுவார், மறுநாள் அமைச்சு அதிகாரியாக இருமுவார். ஒருமுறை பெண் குரலில் கேட்டபோது எங்கள் மூத்த மிஸி கடவுச்சொல்லை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லி, "எழுதிட்டீங்களா தங்கச்சி?" என்று அக்கறையாக விசாரித்தார். ஐந்தே நிமிடத்தில் 'தங்கச்சி' மீசையோடு வார்டுக்குள் நுழைந்தது.

"போன்ல யாரு வந்து மெஷின் பத்திப் பேசினாலும் கட் பண்ணுங்க. நானே பேசினாலும் கட் பண்ணுங்க!" என்று கத்தினார்.

அந்தப் பாடத்தை நான் நன்றாகவே படித்துவிட்டேன்.

நமுனுகுல தோட்டத்தில் அவருடைய ஊர்த் திருவிழா. சார் லீவு. நாலாம் கட்டிலில் பூனாகலையிலிருந்து வந்த லெட்சுமி அம்மா படுத்திருந்தார். தேயிலைக் கொழுந்து பறிக்கும்போதே மூச்சடைத்து விழுந்தவர். கொழும்பில் தையல் வேலை செய்யும் மகள் சாந்தி கூட இருந்து பார்த்துக்கொண்டாள். பின்னேரம் வார்டு தொலைபேசி அடித்தது. பின்னால் ஒரே மேளச் சத்தம்.

"மிஸி, நான்தான். நாலாம் கட்டில் மொனிட்டர் லைன்ல இல்லன்னு என் போனுக்கு மெசேஜ் வந்திருக்கு. ஓடிப் போய்ப் பாருங்க!"

"இன்னைக்கு மேளமெல்லாம் வச்சு ஏமாத்துறீங்களா சார்? நல்லா இருக்கு" என்று வைத்துவிட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று மேசையிலிருந்தே எட்டிப் பார்த்தேன். திரையில் நாடித்துடிப்பு எழுபத்தெட்டு. இன்னும் இரண்டு தரம் அழைத்தார். இரண்டு தரமும் பெருமையோடு வைத்தேன்.

பத்து நிமிடம் கழித்து மருந்தோடு போனபோதும் அதே எழுபத்தெட்டு. சாந்தி தேநீர் வாங்கக் கீழே போயிருந்தாள். லெட்சுமி அம்மாவின் உதடு மட்டும் நீலமாகியிருந்தது. திரை உறைந்துபோய்ப் பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. எல்லாரும் ஓடி வந்தார்கள், என்னென்னவோ செய்தார்கள். பொழுது சாயும்போது அவர் போய்விட்டார். முன்கூட்டியே பார்த்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். டாக்டர் சொல்லத் தெரியவில்லை என்றார்.

சார் நெற்றியில் விபூதியோடு, திருவிழா வேட்டியோடு வந்து சேர்ந்தார். மொனிட்டரின் பின்னாலிருந்த யூஎஸ்பி துளையில் ஒரு வயர் செருகியிருந்தது. அதன் நுனியில் சாந்தியின் கைபேசி சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. திரை உறைந்தது அதனால்தான். யாரையும் திட்டாமல் அதைக் கழற்றினார். பிறகு வார்டிலிருந்த எல்லாக் கருவிகளிலும் அந்தத் துளையை அடைத்தார். நான் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க ஏன் மிஸி அழுறீங்க? கட் பண்ணுங்கன்னேன். கட் பண்ணிட்டு, உங்களுக்குத் தெரிஞ்ச என் நம்பருக்கு நீங்களே திருப்பிப் போன் எடுத்துக் கேளுங்கன்னு சொல்லலயே. பாதிப் பாடம்தான் நடத்தியிருக்கேன்" என்றார்.

கருமாதிக்கு இருவரும் பூனாகலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போனோம். போகாதீர்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் பார்த்தார்கள். சாந்தி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"நான் போன் சார்ஜ் போட்டதாலதான் அம்மா போயிருச்சா சார்? வார்டுல அப்படித்தான் பேசிக்கிறாங்களாம்."

"இல்லம்மா. அதுல யாரு வயரைச் செருகினாலும் ஒண்ணும் ஆகாம வச்சிருக்க வேண்டியது என் வேலை. ஆஸ்பத்திரி முழுக்கப் பூட்டின நான் அதை விட்டுட்டேன்."

"போன் பண்ணீங்களாமே. யாரோ வச்சிட்டாங்களாமே?"

நான் வாயைத் திறப்பதற்குள் சார் முந்திக்கொண்டார். "வைக்கச் சொல்லிப் பழக்கினது நான்தாம்மா. வேற யாரையும் நெனச்சு மனசு நோகாதீங்க. திட்டணும்னா என்னையத் திட்டுங்க."

சாந்தி திட்டவில்லை. கதவு நிலையில் சாய்ந்து, அன்றைக்குத்தான் முதல்முறையாக வாய்விட்டு அழுதாள். அவள் அழுது முடியும் வரைக்கும் சார் கைகட்டித் தலைகுனிந்து நின்றார்.

பிறகு நானே அவளிடம் உண்மையைச் சொன்னேன். ஆனாலும் என் அப்பா போன பிறகு எனக்காக ஒருவர் முதல்முறையாகத் தலைகுனிந்து நின்றது அந்த லயத்து வாசலில்தான்.